பட்டா இல்லாத பயிர்



நிலமும் சட்டமும் இந்தச் சொற்பொழிவு வரிசையின் பொதுப்பொருள். இதற்கு முன் பேசியவர்கள் இனாம் ஒழிப்பு, குத்தகை, நில உச்சவரம்பு, பஞ்சமி நிலம் என்று கனமான பொருள்களை எடுத்துப் பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது கள்ளப்பயிர். தனக்குச் சொந்தமில்லாத காட்டு நிலத்தில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் கஞ்சா வளர்க்கிறார். அறுத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அதன் பிறகு அந்த நிலம் என்ன ஆகிறது? இதைத்தான் பேசப்போகிறேன். தலைப்பைக் கேட்ட அமைப்பாளர் சற்றுத் தயங்கினார். எப்படி வளர்ப்பது என்று சொல்லிவிட மாட்டேன் என்று உறுதி கொடுத்த பிறகுதான் அழைப்பிதழ் அச்சுக்குப் போனது.

கஞ்சா நல்லதா கெட்டதா, தடை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் இன்று நான் நுழையவில்லை. அந்த வழக்குக்கு நம் நாட்டில் நூற்றுமுப்பது வயது. 1893-இல் மேக்வொர்த் யங் என்பவர் தலைமையில் பிரிட்டிஷ் அரசு ஒரு ஆணையம் அமைத்தது. அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுத் தடை வேண்டாம், கட்டுப்பாடு போதும் என்று 1894-இல் அறிக்கை தந்தது. எனக்கு அதில் வேண்டியது ஒரே செய்தி. அன்றைய வங்காளத்தில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் நவகாவ் பகுதியில், கஞ்சா உரிமம் பெற்று விளைந்தது. எந்த வயல், யார் உழுபவர், எந்தக் கிடங்குக்குப் போகிறது என்பதெல்லாம் அரசின் பேரேட்டில் இருந்தது. வரி வாங்குகிறவனுக்கு வயல் எங்கே என்று தெரிந்தாக வேண்டுமல்லவா? அந்தப் பேரேட்டுக்கு வெளியே போன பயிரின் கதையைப் பார்ப்போம். அதை நன்றாகப் பதிவு செய்து வைத்திருக்கும் இடம் வட கலிபோர்னியா.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் மெண்டசீனோ, ஹம்போல்ட், அவற்றுக்குக் கிழக்கே டிரினிட்டி என்று மூன்று கவுண்டிகள். மூன்றையும் சேர்த்து ‘மரகத முக்கோணம்’ என்பார்கள். வானளாவிய செம்மரங்கள், செங்குத்தான மலைகள், குளிர்ந்த ஓடைகள். (இந்தச் செம்மரம் நம் ஆந்திரச் செம்மரம் அல்ல. ரெட்வுட் என்பது வேறு குடும்பம்.) 1960-களின் கடைசியிலும் எழுபதுகளிலும் நகரத்தை வெறுத்து வெளியேறிய இளைஞர்கள் அங்கே மலிவாக நிலம் வாங்கிக் குடியேறினார்கள். மரம் வெட்டி முடிந்து கம்பெனிகள் கைவிட்ட நிலம் அது. தக்காளி, பூசணியோடு தங்களுக்கென்று நாலு கஞ்சாச் செடியும் வைத்தார்கள்.

அந்த நாலு செடி தோட்டமானதற்குக் காரணம் மெக்சிகோ. எழுபதுகளின் நடுவில் அமெரிக்கப் பணத்தில் மெக்சிகோவின் கஞ்சா வயல்கள் மேல் பாராக்குவாட் என்ற களைக்கொல்லியை விமானத்திலிருந்து தெளித்தார்கள். மருந்து பட்ட இலை எல்லை தாண்டி வந்து சந்தையில் கலந்துவிட்டது என்ற செய்தி 1978-இல் பரவியதும் வாங்குகிறவர்கள் மிரண்டார்கள். உள்ளூர்ச் சரக்குக்கு மவுசு கூடியது. விதையில்லாப் பூவாக விளைவிக்கும் முறையையும் மலைக்காரர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். மர அறுவை ஆலைகள் மூடப்பட்டு, சால்மன் மீன்பிடிப்பும் நலிந்துகொண்டிருந்த ஊர்களுக்குள் பணம் வந்தது. வெளியே சொல்ல முடியாத பணம். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கும் தீயணைப்பு வண்டிக்கும் நன்கொடை கொடுத்த பணம்.

1983-இல் மாநில அரசும் மத்திய அரசும் கைகோத்து ‘கேம்ப்’ என்ற ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கின. கோடை முடிவில், பூப்பிடிக்கும் பருவத்தில், ஹெலிகாப்டர்கள் மலைமேல் சுற்றும். செடியை வெட்டிக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும். அதுவரை வெயில் நன்றாக விழும் திறந்த வெளியில் இருந்த பயிர், மெல்ல மர நிழலுக்குள் நகர்ந்தது.

இனி 1984. சட்ட மாணவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்குள் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டையும் செய்தவர்கள் ஒருவரையொருவர் கலந்துகொண்டு செய்யவில்லை. இரண்டும் சேர்ந்துதான் பயிரைச் சொந்த நிலத்திலிருந்து பொது நிலத்துக்குத் தள்ளின என்பது என் வாதம்.

முதலாவது, ஏப்ரலில் வந்த ஆலிவர் வழக்குத் தீர்ப்பு. கென்டக்கி மாநிலத்தில் ஆலிவர் என்றொரு விவசாயி. அவர் பண்ணையில் கஞ்சா இருப்பதாகத் தகவல் வந்து போலீசார் போனார்கள். வாரண்ட் கிடையாது. பூட்டிய கேட், ‘அத்துமீறி நுழையாதே’ என்ற பலகை. கேட்டின் ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது, அதன் வழியே நடந்தார்கள். வீட்டிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால் பயிரைக் கண்டார்கள். என் நிலம், என் வேலி, என் பலகை, நீ எப்படி வந்தாய் என்பது ஆலிவரின் கேள்வி. உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வீடும் வீட்டை ஒட்டிய முற்றமும்தான் அரசியல் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும், திறந்த வயலுக்கு அந்தரங்கம் கிடையாது, வேலியும் பலகையும் அதை மாற்றாது என்றது. மெயின் மாநிலத்தில் வீட்டுக்குப் பின்னால் இருந்த மரக்கூட்டத்துக்குள் பயிர் வைத்த தார்ன்டன் என்பவரின் வழக்கும் இதோடு சேர்த்தே முடிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து முற்றமும் கேள்விக்குள்ளானது. கலிபோர்னியாவில் சிரோலோ என்பவர் பத்தடி வேலி கட்டி வீட்டு முற்றத்தில் செடி வைத்திருந்தார். போலீசார் விமானத்தில் ஆயிரம் அடி உயரத்தில் பறந்து பார்த்தார்கள். அதுவும் சரிதான் என்று 1986-இல் தீர்ப்பு வந்தது. சொந்த நிலத்தின் வேலிக்குச் சட்டத்தில் இருந்த மதிப்பு இப்படிக் கரைந்தது.

இரண்டாவது காரியம் அதே 1984 அக்டோபரில். அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய விரிவான குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், போதைப்பொருள் குற்றத்துக்குப் பயன்பட்ட அசையாச் சொத்தையும் அரசு பறிமுதல் செய்யலாம் என்றது. அதுவும் சிவில் நடவடிக்கையாக. வழக்கு மனிதன் மேல் அல்ல, நிலத்தின் மேல். வழக்கின் தலைப்பிலேயே பிரதிவாதியாக இத்தனை ஏக்கர் நிலம் என்று எழுதுவார்கள். நிலத்துக்கு ஜாமீன் ஏது, வாய்தா ஏது? ஆள் தண்டனை பெறாவிட்டாலும் நிலம் போய்விடலாம்.

இப்போது அந்த மலைக்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். சொந்த நிலத்தில் செடி வைத்தால் எவரும் வந்து பார்க்கலாம், வேலி செல்லாது. பார்த்துவிட்டால் செடி போகும், வீடும் நிலமும் சேர்ந்து போகும். பக்கத்து மேட்டைத் தாண்டினால் தேசியக் காடு. ஷாஸ்டா-டிரினிட்டி என்ற ஒரு காடு மட்டும் இருபது லட்சம் ஏக்கருக்கு மேல். அங்கே செடி பிடிபட்டால் செடியோடு போயிற்று. யாருடையது என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு பத்திரம் கிடையாது, ஒரு சர்வே எண் கிடையாது. அரசின் நிலத்தை அரசே பறிமுதல் செய்துகொள்ள முடியாதல்லவா?

பயிர் காட்டுக்கு மாறியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் அது மிகை. விலை, ஹெலிகாப்டர், எல்லைக் காவல் எல்லாம் சேர்ந்த காரியம். ஆனால் சொத்தைத் தண்டிக்கும் சட்டம், சொத்தில்லாத இடத்தைத் தேடிப் போக வைக்கும் என்பதை அந்த மசோதாவை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அத்தனை வக்கீல்கள் நிறைந்த அவையில் ஒருவருக்குமா தோன்றவில்லை என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

1990-இல் ஹம்போல்ட் கவுண்டியின் கிங் ரேஞ்ச் என்ற பொது நிலத்துக்குள் ராணுவ வீரர்களையே இறக்கி ‘கிரீன் ஸ்வீப்’ என்றொரு நடவடிக்கை நடத்தினார்கள். ஹெலிகாப்டர்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்கள். வந்த வேகத்தில் படை திரும்பியது. பயிர் இன்னும் உள்ளே போனது. உள்ளே போகப் போக ஆளும் மாறினார். தன் வீட்டுப் பின்புறத்தில் நாலு செடி வைத்த குடியேறி, அதே மலையில் குழந்தை குட்டியோடு வாழ்ந்தவர். அவர் குடித்த தண்ணீரும் அதே ஓடைத் தண்ணீர்தான். காட்டுக்குள் ஆயிரக்கணக்கில் செடி வைத்தவர்கள் அங்கே வாழ வந்தவர்கள் அல்ல. முதலாளி எங்கோ நகரத்தில். காட்டில் இருப்பது கூலியாள். பெரும்பாலும் மெக்சிகோவின் மிச்சோகான் போன்ற ஏழை மாநிலங்களிலிருந்து வந்தவர். அவரைக் கொண்டுவந்து காட்டில் இறக்கிவிட்டு, மாதக்கணக்கில் அங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அரிசியும் பீன்சும் அவ்வப்போது வந்து சேரும். கூலி அறுவடைக்குப் பிறகு, அதுவும் அறுவடை நடந்தால். யாருக்காக வேலை செய்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. பிடிபடும்போது தார்ப்பாய்க் குடிசையில் இருப்பவரும் அவர்தான், நீதிமன்றத்தில் நிற்பவரும் அவர்தான். முதலாளியின் பெயர் அந்த நிலத்தோடு எந்தக் காகிதத்திலும் ஒட்டியிருக்காது. அவருக்கு வேண்டிய வசதியே அதுதான்.

இப்படிப்பட்ட ஒரு முகாமின் அடுப்பிலிருந்துதான் 2009 ஆகஸ்டில், சான்டா பார்பரா கவுண்டியின் லாஸ் பாட்ரெஸ் தேசியக் காட்டில் ‘லா பிரேயா’ தீ கிளம்பியது. எரிந்து முடிந்தபோது ஏறத்தாழ 89,000 ஏக்கர். தீ கண்ணுக்குத் தெரியும், செய்தியில் வரும். தெரியாமல் நடந்ததை வெளியே கொண்டுவந்தது ஒரு சிறு விலங்கின் பிணம்.

ஃபிஷர் என்று ஒரு காட்டு விலங்கு. பூனையளவு உடல், அடர்ந்த பழுப்பு ரோமம், மரமேறும் சாமர்த்தியம். நம் நீலகிரி மார்ட்டினுக்குத் தூரத்து உறவு. முதிர்ந்த மரங்கள் உள்ள பழங்காட்டில்தான் வாழும். ரோமத்துக்காக வேட்டையாடியும் மரத்தை வெட்டியும் கலிபோர்னியாவில் அதை இரண்டு சிறு கூட்டங்களாகக் குறைத்துவிட்டார்கள். 2009-இல் சியரா நெவாடா மலையில், கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டியிருந்த ஒரு ஃபிஷர் இறந்து கிடந்தது. மூராட் கேப்ரியல் என்ற ஆராய்ச்சியாளர் அப்போது இந்த விலங்குகளின் நோய்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். உடலைத் திறந்தபோது உள்ளறை முழுக்க ரத்தம். வெளிக்காயம் இல்லை. சோதனையில் கிடைத்தது எலிமருந்து. புரோடிஃபேக்கம் என்ற, ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் நஞ்சு.

வீடும் கொல்லையும் இல்லாத நடுக்காட்டில் எலிமருந்து எங்கிருந்து வந்தது? அதுவரை சேர்த்துவைத்திருந்த மற்ற உடல்களையும் எடுத்துச் சோதித்தார்கள். 58 ஃபிஷர்களில் 46-இன் உடலில் அந்த வகை நஞ்சு இருந்தது. நூற்றுக்கு 79. இந்த ஆய்வு 2012-இல் வெளியானது. நஞ்சு காட்டின் ஒரு மூலையில் மட்டும் இல்லாமல் பரவலாக இருந்தது. 2015-இல் வந்த அடுத்த ஆய்வில் விகிதம் 85 ஆக ஏறியிருந்தது. இடையில் 2013-இல் வேறொரு குழு, பெண் ஃபிஷர்கள் திரியும் எல்லைக்குள் எத்தனை கஞ்சாத் தோட்டங்கள் இருந்தன என்று கணக்கெடுத்தது. தோட்டம் கூடக்கூட அவை உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறைந்தது.

வழி எளிது. இளங்கஞ்சாத் தண்டைக் காட்டெலி கடிக்கும். அதைத் தடுக்கக் கூலியாள் செடியைச் சுற்றி மருந்தைக் கொட்டுவார். மூட்டை மூட்டையாக. இந்த மருந்து தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலி, வேட்டை விலங்குக்கு எளிய இரை. அந்த மலையில் காட்டெலிதான் ஃபிஷருக்கும் உணவு, ஆந்தைக்கும் உணவு. மரம் வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்று 1980-களிலும் 90-களிலும் அமெரிக்காவையே இரண்டாகப் பிரித்த வழக்கு ஒன்று உண்டு. வடபுலப் புள்ளி ஆந்தை வழக்கு. அந்த ஆந்தைக்காக எத்தனையோ ஆலைகள் மூடப்பட்டன, எத்தனையோ மரவெட்டிகள் வேலையிழந்தார்கள். 2018-இல் வந்த ஆய்வில், சோதித்த பத்துப் புள்ளி ஆந்தைகளில் ஏழின் உடலில் எலிமருந்து. வேலையிழந்த மரவெட்டி இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தெற்குச் சியராவின் ஃபிஷர் கூட்டம் 2020-இல் அழியும் நிலையில் உள்ள இனமாக மத்தியப் பட்டியலில் ஏறியது.

எலிமருந்து ஒரு பக்கம். இன்னொன்று கார்போஃபியூரான். இந்தப் பெயர் தெரியாவிட்டாலும் பொருள் உங்களுக்குத் தெரியும். வாழைக்கும் நெல்லுக்கும் நம் ஊரில் போட்ட ஃபியூரடான் குருணைதான். கையுறை இல்லாமல் அள்ளி வீசிய தலைமுறை இந்த அவையிலேயே இருக்கிறது. நாம் அறிந்தது நூற்றுக்கு மூன்று பங்கு மருந்து சேர்ந்த குருணை. கலிபோர்னியக் காட்டில் கிடைத்தது அடர்ந்த திரவம், ஸ்பானிய மொழிச் சீட்டு ஒட்டிய பாட்டில்களில், எல்லை தாண்டிக் கள்ளத்தனமாக வந்தது. அமெரிக்காவில் உணவுப் பயிருக்கு அதன் பயன்பாட்டை 2009-இலேயே முடித்துவிட்டார்கள். காலி பாட்டிலைத் தொட்ட காவலர்களுக்கும் வனக்காவலர்களுக்கும் சிகிச்சை தேவைப்பட்டிருக்கிறது. பூச்சிக்காக மட்டும் இது அங்கே போகவில்லை. சாப்பாட்டைத் தேடி முகாமுக்கு வரும் கரடியைக் கொல்லவும்தான். கரடி செத்துக் கிடந்த இடத்தில் அதைத் தின்ன வந்த கழுகும் செத்துக் கிடந்தால், அதைக் காணும் வனக்காவலர் என்ன நடந்தது என்று ஊகித்துக்கொண்டு பின்வாங்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில். கோடையில் சொட்டு விழாது. கஞ்சாவின் வளர்பருவமோ முழுக்கக் கோடை. ஓடை மெலிந்து மெலிந்து ஓடும் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் செடிக்குத் தாகம் உச்சம். ஓடையின் தலைமாட்டிலேயே பிளாஸ்டிக் விரித்து மறித்து, மைல் கணக்கில் கறுப்புக் குழாய் இழுத்துவிடுவார்கள். மாநில மீன்-வனவிலங்குத் துறையினர் 2015-இல் நான்கு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஆராய்ந்தார்கள். செடி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 22.7 லிட்டர் என்று வைத்துக் கணக்கிட்டபோது, நான்கில் மூன்றில் வறண்ட மாதங்களின் ஓடை நீரைவிடச் செடிகளின் தேவை மிஞ்சிப் போகக்கூடியதாக இருந்தது. அதுவும் வானிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த செடிகளை மட்டும் எண்ணிய கணக்கு. மர நிழலில் இருந்தவை கணக்கில் வரவில்லை. கோஹோ சால்மன் குஞ்சுகள் கோடை முழுதும் தங்கி வளர்வது இந்தச் சிற்றோடைக் குட்டைகளில்தான்.

கிளாமத் ஆற்றங்கரையில் யூரோக் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். சால்மன் அவர்களுக்கு உணவு மட்டுமல்ல, சடங்கு, உறவு எல்லாமும். அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலத்துக்குள்ளும் ஓரத்திலும் வெளியார் தோட்டம் போட்டார்கள். ஓடை வற்றி வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றது. கூடை முடையப் புல் எடுக்கப் போகும் கிழவிகள் காட்டுக்குள் போகப் பயந்தார்கள். கடைசியில் அந்த மக்களின் சொந்த அரசே வெளியரசின் துணையைக் கேட்டது. 2014 ஜூலையில் தேசியக் காவல் படையோடு சேர்ந்து ‘யூரோக் நடவடிக்கை’ நடந்தது. ஒன்றைக் கவனியுங்கள். இந்த நூற்றைம்பது ஆண்டில் அந்த மக்களின் நிலத்தைத் தங்கம் தோண்ட வந்தவன் எடுத்தான், மரம் வெட்ட வந்தவன் எடுத்தான். காகிதத்தில் எஞ்சிய நிலத்தைக் காகிதமே இல்லாமல் எடுத்துக்கொண்டவன் இந்தத் தோட்டக்காரன்.

சட்டப்படி அனுமதித்துவிட்டால் இதெல்லாம் தீருமே என்று நீங்கள் கேட்பீர்கள். கலிபோர்னியா 1996-இல் மருத்துவத்துக்கு அனுமதித்தது, 2016-இல் மக்கள் வாக்கெடுப்பில் பொதுவாகவே அனுமதித்தது. 2018 ஜனவரி 1 முதல் கடையில் விற்பனை. உரிமம், வரி, சோதனைக் கட்டணம் எல்லாம் கட்டி நேர்மையாக விளைவித்தவர்களை விலைச் சரிவு கவிழ்த்தது. பழைய மலைக்குடும்பங்கள் பல தொழிலையே விட்டன. கள்ளப்பயிரோ ஒழியவில்லை. தடையுள்ள மற்ற மாநிலங்களில் சந்தை இருந்ததே காரணம். 2022-இல் ‘கேம்ப்’ இயக்கத்துக்குப் புதுப்பெயர் வைத்து ஆண்டு முழுதும் நடத்தும் பணியாக்கினார்கள். அந்த ஆண்டு மட்டும் அழித்தது ஏறத்தாழ பத்து லட்சம் செடி. பொது நிலத்தில் தோட்டங்கள் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன என்பது உண்மை. குறைந்தால் போதுமா? பழைய தோட்டங்களின் மண் அப்படியே கிடக்கிறது. செடியை வெட்டிப் படம் பிடித்துச் செய்தி கொடுப்பது ஒரு நாள் வேலை. உர மூட்டை, குழாய், காலி பாட்டில், புதைத்த குப்பை இவற்றைக் காட்டிலிருந்து இறக்குவது பல நாள் வேலை, ஹெலிகாப்டர் வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், பணம் வேண்டும். கேப்ரியலும் கிரெட்டா வெங்கர்ட்டும் நடத்திவந்த ஆராய்ச்சி மையம்தான் தோட்டம் தோட்டமாகப் போய் இந்த வேலையைச் செய்தது. சிலர் கேப்ரியலை எச்சரிக்கவும் செய்தார்கள். 2014-இல் அவருடைய வீட்டு நாய் எலிமருந்து வைத்துக் கொல்லப்பட்டது.

நம் பக்கம் வருவோம். இது எங்கோ அமெரிக்காவில் என்று கைகட்டி உட்கார நமக்கு வழியில்லை. ஆந்திர-ஒடிசா எல்லையில் பாடேரு, சிந்தப்பள்ளி மலைகளில் விளையும் ‘சீலாவதி’ ரகம் சென்னைக்கும் வருகிறது, மதுரைக்கும் வருகிறது, ராமேசுவரம், வேதாரண்யம் கரைகளிலிருந்து படகேறி இலங்கைக்கும் போகிறது. ஆந்திரத்தில் விளைந்தது யாழ்ப்பாணச் செய்தித்தாளில் ‘கேரள கஞ்சா’ என்று வருவது ஒரு வேடிக்கை. அந்த மலைகள் பழங்குடிப் பட்டியல் பகுதி. வெளியார் அங்கே நிலம் வாங்க முடியாது. 1970-இல் வந்த ஒழுங்குமுறை, மக்கள் ‘ஒன் ஆஃப் செவன்டி’ என்று சொல்வது, பழங்குடி நிலத்தைக் காப்பதற்கென்றே வந்தது. 1997-இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் உறுதியாக்கியது. நல்ல சட்டம், ஒரு எழுத்தும் குறைக்கக்கூடாது. ஆனால் கஞ்சாவுக்கு முன்பணம் கொடுப்பவருக்கு நிலம் வாங்க வேண்டிய தேவையே இல்லை. விதையும் உரமும் பணமும் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார். பயிர் நிற்பது பழங்குடியின் மேட்டு நிலத்தில், அல்லது வனத்துறை நிலத்தில். போலீஸ் ஜீப் மலையேறும்போது மலையில் இருப்பவர் பழங்குடி. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘பரிவர்த்தன்’ நடவடிக்கையில் ஏழாயிரத்து ஐந்நூறு ஏக்கருக்கு மேல் அழித்ததாக ஆந்திரக் காவல்துறை சொன்னது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே இரண்டு லட்சம் கிலோவை ஒரே இடத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். அந்த ஏழாயிரம் ஏக்கருக்கும் முன்பணம் கொடுத்தவர்கள் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்பதைத் தேடித் தேடிப் பார்த்தால் நம் மாவட்டங்களின் பெயரும் வரும். வருசநாட்டு மலையிலும் இடுக்கி எல்லையிலும் ஒரு காலத்தில் இதே கதை நடந்தது தேனிப் பக்கத்தார் அறிந்ததுதான்.

நம் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவல் என்கிறது. 46-ஆம் பிரிவு, தன் நிலத்தில் இந்தப் பயிர் இருப்பது தெரிந்தால் நில உரிமையாளர் உடனே தகவல் தர வேண்டும், தெரிந்தும் சொல்லாவிட்டால் அவரும் குற்றவாளி என்கிறது. 47-ஆம் பிரிவு அதே கடமையை அரசு ஊழியர் மேலும் ஊர் அலுவலர் மேலும் வைக்கிறது. சரி, நில உரிமையாளர் அரசாக இருந்தால்? பரந்த காட்டுக்கு ஒரு வனக்காவலரை வைத்துவிட்டு, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரைக் கேட்பது? 1984-இல் அமெரிக்கா செய்ததையே நாமும் வேறு வழியில் செய்திருக்கிறோம். பட்டாவும் பெயரும் உள்ள இடத்தில் சட்டம் கடுமையாக நிற்கிறது, இல்லாத இடத்தில் அதற்குப் பிடி கிடைக்கவில்லை.

ஆகவே பின்வரிசையில் அமர்ந்திருக்கும் வனத்துறை நண்பர்களுக்கும், நாளை அரசு வழக்கறிஞராகப் போகும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதே சட்டத்தின் 48-ஆம் பிரிவு கள்ளப்பயிரைக் கைப்பற்ற ஆணையிடும் அதிகாரிக்கு, அழிப்பது உட்படத் தனக்குத் தகுந்தது என்று படும் ஆணைகளை இடும் அதிகாரம் தருகிறது. நாம் அதை வெட்டு, கொளுத்து என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இனி பயிர் அழிப்பு ஆணை கேட்கும் ஒவ்வொரு மனுவோடும் ஒரு பக்கம் கூடுதலாக இணையுங்கள்: அந்த இடத்தில் என்ன மருந்து கிடக்கிறது, எத்தனை மூட்டை உரம், எந்த ஓடை மறிக்கப்பட்டது, எத்தனை மரம் வெட்டப்பட்டது, இவற்றை யார் எப்போது அப்புறப்படுத்துவார்கள். அந்தச் செலவைக் கூலியாளிடம் கேட்காதீர்கள். முன்பணம் கொடுத்தவரின் வங்கிக் கணக்கைக் கண்டுபிடித்து அங்கே கேளுங்கள். அவருக்கு நிலம் இல்லாமல் இருக்கலாம், கணக்கு இருக்கும்.